முப்பதாம் பிறையில் மாட்டிய அறக்கொட்டி

பூச்சிகளைக் கொம்பியூட்டரில் ஏற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, பூச்சிகளைத்தான் ஏற்றப் போகிறார்கள் என்று நம்பினேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனைப் பக்கம் கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டவர் யார் இருந்தார்? நான் கண்டது பத்திரிகையில் வந்த ஒரு படம். இரும்பு அலுமாரி மாதிரி ஒன்று, முன்னால் நீளமாக ஒரு வாய். அந்த வாய்க்குள் நான் ஊசி குத்திக் காய வைத்த பூச்சிகள் ஒவ்வொன்றாகப் போகும், உள்ளே என்னவோ நடக்கும், மறுபக்கம் பெயரும் ஊரும் அச்சாகி வரும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பூச்சி முழுசாகத் திரும்பி வருமா என்பதுதான் என் கவலை. மூன்று நாள் உட்கார்ந்து நாற்பத்திரண்டு பெட்டிக்கும் பஞ்சு அடைத்தேன். காலொடிந்த அந்துப்பூச்சிக்கெல்லாம் பசை தொட்டுக் கால் ஒட்டினேன், கொழும்புக்குப் போகிற பிள்ளைகள் நொண்டியாகப் போகக் கூடாதே. சணல் கயிற்றால் கட்டி வாசலில் அடுக்கிவிட்டு, லொறி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

லொறி வரவில்லை. எங்கள் பொறுப்பதிகாரி நடராசா சேர் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உதென்ன காணும், ஆருக்குச் சீதனம்?”

“கொம்பியூட்டருக்கு சேர்.”

“அப்பிடியே?” என்றார்.

அந்த “அப்பிடியே?” பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் போன மாதம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. சம்மாந்துறை வயல்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் பழைய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நஸ்ரின் என்று ஒரு புதிய உத்தியோகத்தர். பெட்டியிலுள்ள ஒவ்வொரு பூச்சியையும் படம் பிடித்து, அன்றைக்குக் கொம்பியூட்டரில் ஏறிய பழைய பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டு வருகிறார்களாம். எங்கள் பக்கம் மூத்த ஆம்பிளையைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“காக்கா, ஒரு அறக்கொட்டிட குறிப்பில ஒங்குட கலியாணம் எழுதியிரிக்கி. பிழையாப் பதிஞ்சிட்டாங்களா?”

“இல்ல மகள், சரியாத்தான் பதிஞ்சிரிக்கி.”

“பூச்சிக்கும் ஒங்குட கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“வலீமா சாப்பாட்டுக்கு வந்ததெண்டு போடுங்க.”

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. “காக்கா, நான் இத எழுதி அனுப்பணும்” என்றார். அதனால் இந்தக் கட்டுரை.

நான் எழுபத்தேழில் நிலையத்தில் தற்காலிக ஊழியனாகச் சேர்ந்தேன். பயிற்சி மூன்று கிழமை. முதல் மாதத்தில் என் கையால் போன பூச்சிகளில் ஆறு காலும் உள்ளது குறைவு. பிறகு கை பழகியது.

வேலை இதுதான். வயல் வரம்பில் விளக்குப் பொறி ஒன்று நிற்கும். மேலே விளக்கு, கீழே தகரப் புனல், புனலுக்குக் கீழே போத்தல். பொழுது பட்டு மஹ்ரிபு நேரம் விளக்கை ஏற்றிவிட்டால் வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி புனலில் விழுந்து போத்தலுக்குள் போய்விடும். விடியச் சுபஹு தொழுத கையோடு போய்ப் போத்தலைக் கழற்றிக்கொண்டு வந்து, வெள்ளைத் தட்டில் கொட்டி இனம் பிரிப்பேன். அந்துப்பூச்சி என்றால் ஊசியை முதுகின் நடுவில் குத்தக் கூடாது, கொஞ்சம் வலப்பக்கம் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் இரண்டு பக்கமும் சிதையும். வலப்பக்கம் குத்தினால் இடப்பக்கமாவது படிக்கிறவனுக்கு முழுசாக மிஞ்சும். அறக்கொட்டி மாதிரி நெல்லைச் சாறு உறிஞ்சிக் கருக்குகிற சின்னச் சாமான்களை ஊசியால் குத்தவே முடியாது. கடதாசி அட்டையை முக்கோணமாக வெட்டி, அதன் நுனியில் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்ட வேண்டும். ஊசிக்குக் கீழே ஒரு துண்டு. விரல் நகத்தளவு கடதாசியில் மூன்று வரி: எங்கே, எப்போது, யார். அந்தத் துண்டு இல்லாத பூச்சி வெறும் குப்பை.

இந்த “எப்போது”வில்தான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன்.

அப்போதிருந்த உத்தியோகத்தர், திகதியோடு நிலவையும் குறிக்கச் சொன்னார். நிலவு வெளிச்சம் கூடினால் பூச்சி விளக்கை மதியாது, அதனால் எண்ணிக்கை குறையும்; நிலவு தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நகத்தளவு துண்டில் திகதியும் நிலவும் எப்படி அடங்கும்? நான் யோசித்தேன். எங்கள் வீட்டில் எல்லாமே பிறைக் கணக்கு. பிறையைச் சொன்னால் நாளும் வந்தது, நிலவும் வந்தது. அதனால் “மவ்லூது பிறை 12, 77” என்று எழுதினேன். “நோன்பு பிறை 8, 77.” “ஹஜ்ஜு பிறை 3, 77.” மாதம் எங்களுடையது, வருடம் மட்டும் இங்கிலீஷ். அந்த உத்தியோகத்தர் பார்த்துவிட்டு என் பாட்டுக்கு விட்டுவிட்டார். அவர் பதிவேட்டில் தன் கையால் இங்கிலீஷ் திகதி எழுதி வைத்திருந்தார், துண்டைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

எழுபத்தெட்டுச் சூறாவளி வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. கூரை போனது. பதிவேடு களியாகக் கரைந்தது. இரும்பு அலுமாரிக்குள் இருந்த பெட்டிகள் மட்டும் தப்பின. அதன் பிறகு திகதிக்கு இடம் விட்டு அச்சடித்த துண்டுகள் வந்தன, நானும் ஒழுங்காக இங்கிலீஷ் திகதி போட்டேன். பழைய பதினொரு பெட்டியை மறந்தே போனேன்.

இனி நடராசா சேர். யாழ்ப்பாணத்து மனுசன். என்னைப் போல இரண்டு பேரை ஒருவர்மேல் ஒருவராக நிறுத்தினால் வருகிற உயரம், என்னில் பாதி அகலம். யாரையும் ஏசமாட்டார். பிழை கண்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியால் முதலில் இடக் கண்ணாடியை, பிறகு வலக் கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு “அப்பிடியே?” என்பார். அவ்வளவுதான். ஏச்சு வாங்கியவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். “அப்பிடியே?” வாங்கியவன் சாப்பிடமாட்டான். பூச்சியைப் பார்க்கும் முறையும் அப்படித்தான். முதலில் துண்டின் கடைசி வரியை வாசிப்பார், அதற்கு மேல் வரி, அதற்கு மேல் வரி. பூச்சியைக் கடைசியாகப் பார்ப்பார். “பூச்சி எங்கையும் போகாது” என்பார்.

வாசலில் கட்டி வைத்த சீதனத்துக்கு முன்னால் நின்று அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். கொழும்பில் ஒரு நூதனசாலை தன்னிடமுள்ள பூச்சிகளையும் எங்களைப் போன்ற வெளி நிலையங்களில் உள்ளவற்றையும் ஒரே பட்டியலாகக் கொம்பியூட்டரில் ஏற்றுகிறது.

“பூச்சி இஞ்சைதான் கிடக்கும் காணும். துண்டிலை இருக்கிற எழுத்துத்தான் போகும். நீர் எழுதினதை அப்பிடியே இந்தப் படிவத்திலை இறக்கும்.”

கட்டம் கட்டமாக அச்சடித்த கடதாசிக் கட்டு ஒன்றைத் தந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு பாதி வழியில் நின்றது.

துண்டிலே இருக்கிற எழுத்து.

திகதிக்கு ஆறு கட்டம். நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு இரண்டு. “மவ்லூது” எந்தக் கட்டத்துக்குள் போகும்? படிவத்தின் அடியில் ஒரு வரி: திகதி இல்லாத மாதிரிகளைப் பதிய வேண்டாம். பதினொரு பெட்டி, பட்டியலுக்கு வெளியே.

அதுகூடப் பரவாயில்லை. அதே கிழமை சேருடைய மேசையில் எனக்கான சிபாரிசுக் கடிதம் கிடந்தது. எட்டு வருடம் தற்காலிகம், இப்போதுதான் நிரந்தர நியமனத்துக்கு என் பெயர் போகிறது. நானே டைப் அடிக்கக் கொடுத்து வாங்கி வந்த கடிதம், வசனம் மனப்பாடம்: “சேகரிப்பின் விபரங்களைப் பிழையின்றிப் பேணியவர்.” அதற்குக் கீழே புள்ளிக்கோடு. புள்ளிக்கோட்டில் கையெழுத்து இல்லை.

என் பயத்தை மறைக்க மாட்டேன், அது நல்ல உயரமான பயம். முதல் நாள் காய்ச்சல் என்று படுத்தேன். ஜெமீலா கொத்தமல்லி அவித்து ஊற்றி, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுப்பி விட்டாள். இரண்டாம் நாள், பதினொரு பெட்டியையும் சூறாவளி கொண்டு போய்விட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஏழு வருடத்துக்கு முந்திய சூறாவளி நேற்றுவரை அலுமாரியில் இருந்த பெட்டியை எப்படிக் கொண்டு போகும்? மூன்றாம் நாள், நானே குத்துமதிப்பாகத் திகதி போட்டுவிடலாம் என்று பேனையைத் திறந்தேன். சேர் கண்ணாடி துடைக்கிற மாதிரி இருந்தது. மூடிவிட்டேன்.

பழைய கலண்டர் தேடினேன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலண்டரை யார் வைத்திருக்கிறார்? கூரையே மிஞ்சாத ஊர். மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடையில் மட்டும் ஒன்று கிடைத்தது, பின்பக்கம் முழுக்கச் சாரனுக்குக் கரைக்கோலம் வரைந்திருந்தார்கள். பிறையும் போட்ட கலண்டர்தான். ஆனால் அது வருடம் பிறக்க முந்தியே கொழும்பில் அச்சடித்தது. எங்கள் ஊரில் பிறை கண்ணால் கண்டால்தான் மாதம். மேகம் மூடினால் மாதம் ஒரு நாள் நீளும். கலண்டர் சொல்கிற பிறைக்கும் நான் எழுதிய பிறைக்கும் சில மாதம் பொருந்தும், சில மாதம் பொருந்தாது.

வழி கிடைத்தது ஒரு கலியாண வீட்டில். நிக்காஹ் முடிந்து விவாகப் பதிவாளர் இஸ்மாலெவ்வைக் காக்கா கடுத்தப் புத்தகத்தை, அதுதான் கலியாணப் பதிவேட்டை, விரித்தார். “இண்டைக்குப் பிறை எத்தின?” என்று சபையைக் கேட்டார். யாரோ சொன்னார்கள். பிறையையும் எழுதினார், பக்கத்திலேயே இங்கிலீஷ் திகதியையும் எழுதினார். சாப்பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிறை, அதற்கு நேரே அரசாங்கத் திகதி, இரண்டு பேர் சாட்சி. இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன்.

“யாரிட கடுத்தம் பாக்கணும் மஜீத்?”

“எல்லாருடையும்.”

அவர் புத்தகத்தை மூடினார். “எல்லாருடையும் எண்டா?”

“எழுபத்தேழு, எழுபத்தெட்டில முடிச்ச எல்லாருடையும்.”

“ஏன், அவ்வளவு பேரும் பிரியப் போறாங்களா?”

“இல்ல காக்கா. பூச்சிக்கு.”

“பூச்சிக்கும் நிக்காஹ் வந்திட்டா?” என்றார். நான் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுப் புத்தகத்தின் மேல் கை வைத்தார். “சூறாவளிக்கு ஊட்டுக் கூரை போச்சு. நான் இதப் பெட்டிக்குள்ள போட்டு அதுக்கு மேல குந்திக்கொண்டு இரிந்தன், தெரியுமா? சும்மா பாத்திட்டுப் போக ஏலா. எந்தக் கலியாணத்தில எந்தத் திகதி எடுத்த எண்டு ஒங்குட கடதாசியில எழுதணும். சாட்சி இல்லாத திகதி செல்லாது.”

படிவத்தின் கடைசியில் “குறிப்பு” என்று நீளமான கட்டம் ஒன்று காலியாகத்தான் கிடந்தது. ஓம் என்றேன்.

அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் அசருக்குப் பிறகு நான் போவேன். துண்டில் “மவ்லூது பிறை 12” என்றால், அந்தப் பிறையில் அல்லது அதற்குக் கிட்ட யார் கலியாணம் முடித்தார் என்று தேடுவோம். கிடைத்த திகதியிலிருந்து முன்னாலோ பின்னாலோ எண்ணி எடுப்போம். ஒரு தண்டு துளைப்பான் மீன் முதலாளியின் மகளுடைய நிக்காஹ் நாளில் மாட்டியிருந்தது. இன்னொன்று ஒரு மாப்பிள்ளை வர மறுத்து மறுநாளுக்குத் தள்ளிப்போன கலியாணத்தில். “அது தள்ளிப் போன நாளா, முதல் வெச்ச நாளா?” என்று நான் கேட்டேன். “நடந்த நாள்தான் எழுதின. நடக்காத கலியாணத்துக்கு நான் என்னத்த எழுதுற?” என்றார் காக்கா.

ஒரு கிழமையில் பத்துப் பெட்டி முடிந்தது. பதினோராவது பெட்டியில் ஓர் அறக்கொட்டி என்னைப் பிடித்துக்கொண்டது.

“நோன்பு பிறை 30, 77.”

நோன்பு மாதத்தில் யாரும் கலியாணம் முடிப்பதில்லை, ஆகவே அந்தப் பக்கங்கள் வெறுமை. கைத்தறிக் கடைக் கலண்டரைப் பார்த்தேன். அந்த வருடம் நோன்பு இருபத்தொன்பதோடு முடிகிறது. முப்பது என்று ஒரு நாளே அதில் இல்லை. இல்லாத நாளுக்கு எந்தக் கலியாணத்திலிருந்து எண்ணுவது? இல்லாத நாளில் பூச்சி பிடித்த உலகத்தின் முதல் ஆள் நான்தான்.

அந்தக் கவலையோடு வீட்டுக்கு வந்தால் ஜெமீலா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“எங்க போய் வாறீங்க?”

“றெஜிஸ்தார் ஊட்ட.”

“ஒரு கிழமையா றெஜிஸ்தார் ஊட்ட. ஊரே கதைக்கிது. ரெண்டாவதுக்கு நாள் பாக்கிறீங்களா?”

“நாள்தான் பாக்கிறன் புள்ள. எழுபத்தேழுல.”

“எழுபத்தேழுல நீங்க முடிச்ச என்னயத்தானே!”

நான் படிவத்தைக் காட்டினேன், துண்டைச் சொன்னேன், கலண்டரில் முப்பதாம் நோன்பு இல்லை என்றேன்.

“இல்லையா?” என்றாள். அவ்வளவு கோபத்தை நான் அவளிடம் கண்டதில்லை. “பெருநாள் கழிஞ்சி அஞ்சாம் பிறையில நமக்குக் கலியாணம். பெருநாள் வந்திட்டெண்டு மருதோண்டி அரைச்சி வெச்சிட்டு வானத்தப் பாத்தா ஒரே மேகம், பிறையே காணல்ல. அரைச்சத அப்பிடியே மூடி வெச்சிட்டு முப்பதாவது நோன்பையும் பிடிச்சன். கலண்டர் அடிச்சவனா பிடிச்ச? நான் பிடிச்சன்!”

அந்தக் கடுத்தப் புத்தகத்தில் என்னுடைய பக்கம் வந்தபோது, தெரிந்த கதைதானே என்று விரலால் தாண்டிப் போயிருந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். மஜீத், ஜெமீலா, பெருநாள் மாதம் பிறை ஐந்து, பக்கத்தில் இங்கிலீஷ் திகதி. ஐந்து நாள் பின்னால் எண்ணி ஆறு கட்டத்தையும் நிரப்பினேன். குறிப்பில் இங்கிலீஷில் எழுதினேன்: மஜீத் ஜெமீலா நிக்காஹ், ஐந்து நாள் பின்னோக்கி.

படிவக் கட்டைச் சேருடைய மேசையில் வைத்துவிட்டு நின்றேன். ஒளிக்க ஒன்றுமில்லை, குறிப்புக் கட்டம் முழுக்க ஊர்க் கலியாணம். அவர் வழக்கம்போலக் கடைசியிலிருந்து தொடங்கினார். கடைசியில் இருந்தது என் அறக்கொட்டி.

“உது நீர்தானே?”

“ஓம் சேர்.”

பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியால் துண்டைப் பார்த்தார். நான் கட்டோடு வைத்திருந்த கைத்தறிக் கடைக் கலண்டரைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடி கழன்றது. இடக் கண்ணாடி. வலக் கண்ணாடி.

“முப்பதாம் பிறை. அந்த மாசம் இருபத்தொன்பதுதான் எண்டு கிடக்கு.”

“எங்கட ஊர்ல முப்பது சேர். அண்டைக்கி மேகம். பிறை காணல்ல. எங்கட ஊட்டுக்காறி நோன்பு பிடிச்சவ.”

“அப்பிடியே?”

அன்றைக்கு எனக்கு ராச் சாப்பாடு இல்லை என்று முடிவு கட்டினேன். ஆனால் அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, முப்பது. மறுபடி எண்ணினார்.

“பிறை எத்தினை மணிக்குத் தொடங்கும்?”

“மஹ்ரிபோட சேர். பொழுது பட்டா அடுத்த நாள்.”

“விளக்கை எப்ப ஏத்துவீர்?”

“அதே நேரந்தான்.”

அவர் கதிரையில் சாய்ந்தார். “நாங்கள் ஒரு ராத்திரிக்கு ரெண்டு திகதி போட்டு மாரடிக்கிறம். உம்மடை கணக்கிலை ஒரு ராத்திரி ஒரு நாளுக்குள்ளை முழுசாய்க் கிடக்குது.” பிறகு சொன்னார்: “பழைய துண்டைக் கழட்டாதையும். புதுத் துண்டை அதுக்குக் கீழை குத்தும். பிறை அங்கையே இருக்கட்டும்.”

மேசையில் கிடந்த சிபாரிசுக் கடிதத்தை இழுத்தார். “பிழையின்றி” என்ற சொல்லில் பேனை நுனி கொஞ்சம் நின்றது. புள்ளிக்கோட்டில் கையெழுத்து வைத்தார்.

பதினொரு பெட்டியும் பட்டியலில் ஏறியது. இரண்டு பக்கமும் ஓட்டையுள்ள நீளக் கடதாசியில் அச்சாகி வந்த பிரதியில் என் கலியாணத்தை நானே வாசித்தேன்.

நியமனம் மட்டும் வரவில்லை. வந்தது ஒரு கேள்விக் கடிதம்: பிறப்புச் சாட்சிப்பத்திரம் இணைக்கப்படவில்லை, பிறந்த திகதியை உறுதிப்படுத்தவும்.

“சொல்லும் காணும், எப்ப பிறந்தனீர்?” என்றார் சேர்.

“ஹஜ்ஜு பிறை மூண்டு சேர்.”

“வருசம்?”

“அம்பத்தேழுப் பெரிய வெள்ளத்துக்கு முந்தி எண்டு உம்மா சொல்லுவா. அவ மௌத்தாப் போயிட்டா. வெள்ளத்துக்குப் பிந்தி எண்டு மாமி சொல்றா.”

அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டி வந்தது.

என் பிறப்பைப் பதியவேயில்லை. இஸ்மாலெவ்வைக் காக்காவின் புத்தகத்தில் கலியாணந்தான் இருந்தது, பிள்ளை பிறந்தது இல்லை. வைத்தியரிடம் போய் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள். ஒரு மாதமாக ஒழுங்காகத் தூங்காத முகத்தோடு போனேன். வைத்தியர் பல்லைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், முப்பது என்று எழுதினார். அது உம்மாவின் கணக்குக்கு இரண்டு வருடம் கூட, மாமியின் கணக்குக்கு மூன்று வருடம் கூட. அந்தத் திகதிப்படி எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. அதே திகதிப்படி, குறைந்தது இரண்டு வருடம் முந்தியே என்னை ஓய்வில் அனுப்பினார்கள்.